டுரான்ட் போனது சரி, வாரியர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏன் போனார்? சைன் அண்ட் டிரேட் பற்றி ஒரு விவாத இழை

நெட்டைவேலன்:

இன்று காலை கூடைப்பந்து கோர்ட்டில் ஆட்டம் முடிந்து, ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கிளம்பிய வாக்குவாதம் இது. 2019இல் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் கெவின் டுரான்ட் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை விட்டு புரூக்ளின் நெட்ஸுக்குப் போனார். ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டதால் அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணியோடும் சேரலாம். நெட்ஸிடம் அவரை எடுக்க, லீக் வைத்த சம்பள வரம்புக்குள் இடமும் இருந்தது. நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் வாரியர்ஸோடு புது ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தோடு நெட்ஸுக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு நெட்ஸின் டிஆஞ்சலோ ரஸ்ஸல் வாரியர்ஸுக்கு வந்தார். இதைத்தான் சைன் அண்ட் டிரேட் என்கிறார்கள்.

என் நண்பன் கேட்டான்: "விட்டுட்டுப் போறவன் எதுக்குடா பழைய டீமுக்கு நல்லது பண்ணிட்டுப் போகணும்?" என்னிடம் பதில் இல்லை. நட்புக்காகவா, பணத்துக்காகவா? வாரியர்ஸில் இருந்திருந்தால் 5 வருடத்துக்கு 22.1 கோடி டாலர், போனதால் 4 வருடத்துக்கு 16.4 கோடி என்று அப்போது எல்லா இடத்திலும் எழுதினார்கள். அப்படியானால் பணமும் இல்லை. யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் தப்பான ஆளைப் பார்க்கிறீர்கள். அந்த டீலில் சைன் அண்ட் டிரேட் தேவைப்பட்டது டுரான்டுக்கு இல்லை, ரஸ்ஸலுக்கு.

என்பிஏவில் சேலரி கேப்பை, அதாவது ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த வரம்பை, தாண்டிய அணி வெளியாளைப் பெரிய சம்பளத்துக்கு எடுக்க முடியாது. ஆனால் தன்னிடம் ஏற்கெனவே ஆடும் வீரரை, கேப்பைத் தாண்டியும் வைத்துக்கொள்ளலாம். இதைத்தான் பேர்ட் உரிமை என்கிறோம். பாஸ்டனின் லாரி பேர்ட் பெயரால் வந்தது. வீரர் எழுந்து வேறு அணிக்குப் போய்விட்டால் அந்த உரிமை அன்றோடு காலி. பழைய அணிக்குச் சல்லிக்காசு தேறாது.

2019 கோடையில் வாரியர்ஸ் நிலைமை என்ன? கர்ரி, தாம்சன், டிரேமண்ட் கிரீன், இக்வடாலா, இந்த நாலு பேர் சம்பளமே கேப்பை ஏறக்குறைய நிரப்பிவிட்டது. டுரான்ட் சும்மா போயிருந்தால், அவர் விட்ட இடத்தில் இன்னொரு நட்சத்திரத்தை வாங்க அவர்களுக்கு வழியே கிடையாது. அதே டுரான்ட் ஒரு ஒப்பந்தத்தோடு வெளியே போனால், அந்தச் சம்பளத்துக்கு ஈடாக ஒருவரை உள்ளே கொண்டுவரலாம்.

அந்தப் பக்கம் ரஸ்ஸல். அந்த வருடம் ஆல்ஸ்டார் ஆனவர். கைரி இர்விங்கும் டுரான்டும் வருவதால் நெட்ஸில் அவருக்கு இடமில்லை. இந்த டீல் வழியாக அவருக்கு வாரியர்ஸிடமிருந்து 4 வருடம், 11.7 கோடி கிடைத்தது. கேப்பில் இடமே இல்லாத ஓர் அணியிடமிருந்து, அவருக்கு லீக் அனுமதித்த முழு மேக்ஸிமம் சம்பளம்.

டுரான்டுக்கு என்ன லாபம் என்றால், அவர் சம்மதம் இல்லாமல் இது நடக்காது, அந்தச் சம்மதத்துக்கு ஒரு விலை இருந்தது. ரஸ்ஸலுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று தன்னை மாற்றுவதை அவர் ஏற்கவில்லை, அதனால்தான் வாரியர்ஸ் ஒரு முதல் சுற்று பிக்கையும் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை) சேர்த்துக் கொடுத்தது என்று அப்போது செய்தி வந்தது. அதாவது தான் போய்ச் சேரும் அணிக்கு ஒரு சொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

மூன்றுபுள்ளி:

அதற்கு அடுத்த கதையையும் சொல்லுங்கள் அண்ணா. 2020 பிப்ரவரியில் ரஸ்ஸல் மினசோட்டாவுக்குப் போனார், ஆண்ட்ரூ விக்கின்ஸும் 2021இன் முதல் சுற்று பிக்கும் வந்தன. அந்த பிக் 7ஆம் இடத்தில் விழுந்து ஜொனாதன் குமிங்கா ஆனது. 2022இல் விக்கின்ஸ் ஆல்ஸ்டாரில் ஸ்டார்டர், அதே வருடம் வாரியர்ஸ் சாம்பியன். பாஸ்டனுக்கு எதிரான ஃபைனலில் அவர்களுடைய நட்சத்திரம் டேட்டமை விக்கின்ஸ் மடக்கிய விதத்தை நான் இன்னும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டுரான்ட் சும்மா எழுந்து போயிருந்தால் விக்கின்ஸ் கிடையாது. என்னைக் கேட்டால் அந்தக் கோப்பையில் பாதி 2019 ஜூலையிலேயே சம்பாதித்தது.

கணக்குப்பிள்ளை:

உண்மை. ஆனால் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சைன் அண்ட் டிரேட் மூலம் ஒருவரை வாங்கும் அணிக்கு அந்த சீசன் முழுக்க ஹார்ட் கேப் விழும். ஏப்ரன் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அதை ஒரு டாலர்கூடத் தாண்டக் கூடாது. 2019-20இல் அது சுமார் 13.9 கோடி. ரஸ்ஸல் உள்ளே வரவேண்டும் என்பதற்காக இக்வடாலாவை மெம்ஃபிஸுக்கு அனுப்பினார்கள், அதுவும் கூடவே ஒரு முதல் சுற்று பிக்கைக் கொடுத்து! 2015 ஃபைனல்ஸ் எம்விபி, அதாவது அந்த ஃபைனலின் சிறந்த வீரர், அவர். ரஸ்ஸலின் விலையில் இக்வடாலாவும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சிவப்புக்கோடு:

எனக்கு ஓர் ஆட்சேபம். "இரண்டு பக்கமும் திருப்தி" என்று இதைப் பற்றி எப்போதும் எழுதுகிறார்கள். 2010இல் கிளீவ்லேண்ட் ரசிகரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? லெப்ரான் ஜேம்ஸ் மயாமிக்குப் போனதும் சைன் அண்ட் டிரேட்தான். கிளீவ்லேண்டுக்கு இரண்டு முதல் சுற்று பிக், இரண்டு இரண்டாம் சுற்று பிக், ஒரு டிரேட் எக்ஸெப்ஷன். முந்தின சீசனில் 61 வெற்றி. அடுத்த சீசனில் 19. நடுவில் தொடர்ந்து 26 ஆட்டம் தோற்றார்கள். லெப்ரான் சேர்ந்த மயாமி பலமான அணி என்பதால் அந்த பிக்குகளும் முதல் சுற்றின் கடைசியில்தான் வரும். இதில் திருப்தி எங்கே இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:

நியாயமான ஆட்சேபம். ஒப்பிட வேண்டியது "லெப்ரான் இருந்திருந்தால்" என்பதோடு இல்லை, "லெப்ரான் சும்மா போயிருந்தால்" என்பதோடு. அவர் போவது முடிவான பிறகு வந்த கணக்கு இது.

2010இல் வீரருக்கு இதில் நேரடியான லாபமும் இருந்தது. அப்போதைய விதிப்படி பழைய அணியோடு கையெழுத்துப் போட்டால் 6 வருடம், வருடாந்தர உயர்வு 10.5%. வெளி அணியோடு என்றால் 5 வருடம், 8%. சைன் அண்ட் டிரேட்டில் அந்த 6 வருட ஒப்பந்தத்தையே கட்டிக்கொண்டு கிளம்பலாம். லெப்ரானும் கிறிஸ் பாஷும் அப்படித்தான் 6 வருடத்துக்குப் போட்டார்கள். பழைய அணிக்கு பிக், வீரருக்கு ஒரு வருடம் கூடுதல். "விட்டுப் போகிறவன் ஏன் உதவ வேண்டும்" என்ற கேள்வியே அப்போது எழாது.

2011 ஊதிய ஒப்பந்தத்தில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். இப்போது சைன் அண்ட் டிரேட்டில் போனாலும் அதிகபட்சம் 4 வருடம்தான், உயர்வும் வெளி அணிக்குப் போகிறவருக்கு உள்ளதுதான். எனவே வீரருக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று: இடமில்லாத அணிக்கும் போக முடியும் என்பது. நண்பர் நெட்டைவேலனின் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. விருப்பமான அணியில் இடம் இருந்தால் வீரருக்கு இது தேவையில்லை. இல்லை என்றால் இதை விட்டால் வழியில்லை.

பழைய பிஸ்டன்:

2000ஆம் ஆண்டை யாரும் தொடவில்லையே. நான் டெட்ராய்ட் ரசிகன், கிராண்ட் ஹில்லுக்காகப் பார்க்க ஆரம்பித்தவன். அந்தக் கோடையில் அவர் ஆர்லாண்டோ போவதென்று முடிவெடுத்தார். 7 வருடம், 9 கோடிக்கு மேல். சைன் அண்ட் டிரேட்டாகப் போட்டதால் டெட்ராய்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள்: சக்கி அட்கின்ஸ், பென் வாலஸ். செய்தியைப் படித்தபோது இரண்டு பெயருமே எனக்குச் சரியாகத் தெரியாது. வாலஸ் டிராஃப்டிலேயே எடுக்கப்படாதவர். ஒரு பெரிய நட்சத்திரம் போய், பதிலுக்கு இதுவா என்று மனசு விட்டுப்போயிற்று.

ஹில்லின் கணுக்கால் அவரைக் கைவிட்டது. ஆர்லாண்டோவில் முதல் நாலு சீசனில் மொத்தமே 47 ஆட்டம். எவ்வளவு நல்ல மனிதர், எவ்வளவு அழகான ஆட்டம், இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. வாலஸோ நாலு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். 2004இல் லேக்கர்ஸை 4-1 என்று வீழ்த்தி டெட்ராய்ட் சாம்பியன் ஆனபோது நடுவில் நின்றவர் அவர்தான். அன்று வெறும் சமாதானப் பரிசு போலத் தெரிந்தது, பிறகு அணியின் முதுகெலும்பாக நின்றது.

ஸ்கார்பரோக்காரன்:

அண்ணைமார் கதைப்பதை வாசித்துக்கொண்டே இருந்தேன். டொராண்டோவில் இருக்கும் எங்களுக்கு இந்த விஷயம் இரண்டு முறை நெஞ்சில் அடித்தது.

முதலாவது 2010, பாஷ். அவர் போனபோது மயாமியிடமிருந்து பிக்குகளும் சுமார் 1.45 கோடி டாலர் டிரேட் எக்ஸெப்ஷனும் கிடைத்தன. டொராண்டோ முன்பு மயாமிக்குக் கொடுத்திருந்த சொந்த பிக் ஒன்றும் திரும்பி வந்தது. ஆனால் அப்போது எங்களுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கோபம்தான் இருந்தது.

இரண்டாவது 2021, கைல் லௌரி. இது வேறு மாதிரி. ஒன்பது சீசன் எங்களோடு இருந்தவர், 2019 கோப்பையைத் தந்தவர். அந்தக் கடைசி சீசன் கொரோனா காரணமாக டொராண்டோவில் நடக்கவே இல்லை, அணி தாம்பாவில் போய் ஆடியது. கண் முன்னால் ஒரு வழியனுப்புதல் கூட இல்லை. ஆகஸ்டில் மயாமியோடு சைன் அண்ட் டிரேட். எங்களுக்கு வந்தது கோரன் டிராகிச், பிரெஷஸ் அச்சூவா.

அன்று வேலை இடைவேளையில் நானும் மச்சானும் வாகனத்துக்குள் இருந்து செய்தியைப் பார்த்தோம். கோப்பி ஆறிப்போனது. மச்சான் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சும்மா விட்டிட்டுப் போகேல்ல." அதுதான் எனக்கும் பட்டது. மயாமியிடம் கேப்பில் இடம் இல்லை, லௌரிக்கு இந்த வழி தேவைப்பட்டது, அது எனக்கும் விளங்கும். ஆனாலும் போகிற மனிதர் வெறுங்கையோடு எங்களை விடவில்லை என்பது ரசிகனுக்குப் பெரிய ஆறுதல். 2022 ஏப்ரலில் மயாமி உடுப்போடு அவர் இங்கே வந்தபோது அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. பாஷுக்கு அப்படி நிற்க எங்களுக்கு எத்தனை வருடம் எடுத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அச்சூவா பிறகு 2023 டிசம்பரில் ஓஜி அனுனோபியோடு நியூயார்க்குக்குப் போனார், ஆர்ஜே பாரெட்டும் இமானுவெல் குவிக்லியும் வந்தார்கள். லௌரியின் ஒரு துளி இன்னும் எங்கள் அணியில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மூன்றுபுள்ளி:

அண்ணை, இதைப் படித்ததும் லௌரி வந்த அந்த நாள் வீடியோவை மறுபடி தேடிப் பார்த்தேன். நன்றி.

நெட்டைவேலன்:

சரி, இடமில்லாத அணிக்குப் போவது என்றால் கணக்கு எப்படி உட்காருகிறது? ஒரு டீலைப் பிரித்துக் காட்ட முடியுமா? அப்புறம் இந்த டிரேட் எக்ஸெப்ஷன் என்பது என்ன, பணமா?

கணக்குப்பிள்ளை:

ஜிம்மி பட்லர், 2019. இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பட்லருக்கு மயாமிதான் வேண்டும். மயாமியிடம் இடம் சுத்தமாக இல்லை. பட்லரின் முதல் வருடச் சம்பளம் சுமார் 3.27 கோடி. ஃபிலடெல்ஃபியா அவரோடு ஒப்பந்தம் போட்டு அனுப்ப வேண்டும், மயாமி ஈடான சம்பளத்தை வெளியே தள்ள வேண்டும். ஜோஷ் ரிச்சர்ட்சன், சம்பளம் 1 கோடி, ஃபிலடெல்ஃபியாவுக்கு. அது போதாது. முதலில் டல்லாஸை மூன்றாவது அணியாக வைத்து டிராகிச்சை அங்கே அனுப்புவதாக இருந்தது. எந்த வீரர் வருகிறார் என்பதில் இரண்டு அணிகளும் வேறு வேறாகப் புரிந்துகொண்டதில் அது கவிழ்ந்தது. பிறகு ஹசன் வைட்சைட், 2.7 கோடி, போர்ட்லேண்டுக்கு. அங்கிருந்து மையர்ஸ் லெனர்ட், 1.1 கோடி, மயாமிக்கு. போர்ட்லேண்டின் மோ ஹார்க்லஸ் கிளிப்பர்ஸுக்கு. அவரை வாங்கிக்கொள்வதற்குக் கூலியாக மயாமியின் ஒரு முதல் சுற்று பிக்கும் கிளிப்பர்ஸுக்கு.

கூட்டிப் பாருங்கள். மயாமியிலிருந்து வெளியே சுமார் 3.7 கோடி, உள்ளே சுமார் 4.4 கோடி. அன்றைய விதிப்படி வெளியே போனதில் 125% வரை உள்ளே வரலாம், ஆகவே பொருந்தியது. நாலு அணி சேர்ந்தால்தான் ஒருவர் விரும்பிய ஊருக்குப் போக முடிந்தது. 2020இலும் 2023இலும் பட்லர் மயாமியை ஃபைனலுக்குக் கொண்டுபோனார். ஃபிலடெல்ஃபியா ரிச்சர்ட்சனை 2020இல் செத் கர்ரிக்கு மாற்றியது, செத் கர்ரி 2022இல் ஜேம்ஸ் ஹார்டன் டீலில் போனார்.

டிரேட் எக்ஸெப்ஷன் பணம் இல்லை. ஓர் அணி பெரிய சம்பளத்தை அனுப்பிவிட்டு அதைவிடக் குறைவாகவோ ஒன்றுமே இல்லாமலோ திரும்ப வாங்கினால், அந்த வித்தியாசத்துக்கு ஒரு வருடம் செல்லும் சீட்டு மாதிரி ஒன்று கிடைக்கும். அந்தத் தொகைக்குள் சம்பளம் உள்ள வீரரை, பதிலுக்குச் சம்பளம் எதுவும் அனுப்பாமல் எடுத்துக்கொள்ளலாம். 2020இல் கோர்டன் ஹேவர்ட் சார்லட்டுக்குப் போனபோது பாஸ்டனுக்கு 2.85 கோடி எக்ஸெப்ஷன் கிடைத்தது. அதுவரை அவ்வளவு பெரியது உருவானதே இல்லை. அதில் ஒரு பகுதியை வைத்துத்தான் எவான் ஃபோர்னியேவை எடுத்தார்கள்.

பழைய பிஸ்டன்:

எக்ஸெப்ஷன் என்றால் சியாட்டிலை மறக்கக் கூடாது. 2007இல் ரஷார்ட் லூயிஸ் ஆர்லாண்டோவுக்கு 6 வருட ஒப்பந்தத்தோடு போனார். சியாட்டிலுக்கு வந்தது ஓர் இரண்டாம் சுற்று பிக்கும் ஓர் எக்ஸெப்ஷனும். அதே மாதம், சம்பளம் எல்லை மீறியதற்காக லீக்குக்குக் கட்டும் வரிச்சுமையைக் குறைக்கத் துடித்த ஃபீனிக்ஸிடமிருந்து அந்த எக்ஸெப்ஷனில் கர்ட் தாமஸை எடுத்தார்கள். எடுத்துக்கொள்வதற்குக் கூலியாக ஃபீனிக்ஸ் இரண்டு முதல் சுற்று பிக்கும் சேர்த்துக் கொடுத்தது. அதில் 2008ஆம் ஆண்டு பிக், 24ஆவது இடம், செர்ஜ் இபாக்கா. ஒரு வெற்றுச் சீட்டு இபாக்காவாக முளைத்தது.

சிவப்புக்கோடு:

நடக்காமல் போனதையும் பேசுவோம். 2020 நவம்பரில் சாக்ரமெண்டோவின் போக்டன் போக்டனோவிச் மில்வாக்கிக்குப் போகிறார் என்று செய்தி வந்துவிட்டது, ஃப்ரீ ஏஜென்சி தொடங்குவதற்கு நாலு நாள் முன்பே. சாக்ரமெண்டோவுக்கு டான்டே டிவின்சென்சோ உள்ளிட்டவர்கள் வர வேண்டும். ஆனால் வீரர் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை, டீல் விழுந்தது. லீக் விசாரித்து, முன்கூட்டிப் பேசியதற்காக மில்வாக்கியின் 2022 இரண்டாம் சுற்று பிக்கைப் பறித்தது. போக்டனோவிச் அட்லாண்டாவின் ஆஃபர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்; அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைக்கும் உரிமை சாக்ரமெண்டோவுக்கு இருந்தது. சாக்ரமெண்டோ அதை மேட்ச் செய்யவில்லை, கடைசியில் கையில் எதுவும் இல்லை.

ஸ்கார்பரோக்காரன் சொன்ன லௌரி டீலிலும், அதே கோடையில் லோன்ஸோ பால் சிகாகோ போன டீலிலும் இதே குற்றத்துக்கு மயாமியும் சிகாகோவும் தலா ஓர் இரண்டாம் சுற்று பிக்கை இழந்தன.

இரண்டு அணியும் கைகுலுக்கினாலும், கையெழுத்துப் போட வேண்டிய கை மூன்றாவது ஆளுடையது. எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். சாதாரண டிரேடில் வீரரிடம் யாரும் கேட்பதில்லை, காலையில் எழுந்தால் வேறு ஊர். இதில் அவர் சரி சொன்னால்தான் நடக்கும்.

கணக்குப்பிள்ளை:

அதோடு இளம் வீரர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. புதுச் சம்பளம் பழையதைவிட 20%க்கு மேல் ஏறினால், கேப்புக்கு மேலே உள்ள பழைய அணிக்கு அவருடைய முழுச் சம்பளமும் ஈடாகக் கணக்கில் வராது. புதுச் சம்பளத்தில் பாதி, அல்லது பழைய சம்பளம், எது அதிகமோ அதுதான். வாங்குகிற அணிக்கோ முழுத் தொகையும் வரவு. இரண்டு பக்கமும் பொருந்துவது கடினம், பெரும்பாலும் மூன்றாவது அணியைத் தேட வேண்டும். முதல் ஒப்பந்தத்திலிருந்து திடீரென்று பெரிய சம்பளத்துக்குத் தாவும் பையன்களுக்கு சைன் அண்ட் டிரேட் அபூர்வமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றுபுள்ளி:

கீத் வான் ஹார்ன் கதையை யாராவது சொல்லாமல் இந்த இழையை முடிக்க விடமாட்டேன். 2008 பிப்ரவரியில் ஜேசன் கிட்டை வாங்க டல்லாஸுக்குச் சம்பளக் கணக்கு உதைத்தது. முதல் திட்டத்தில் இருந்த டெவியன் ஜார்ஜ் தனக்கிருந்த உரிமையைப் பயன்படுத்தி முடியாது என்றுவிட்டார். உடனே 2006க்குப் பிறகு ஆடவே ஆடாத வான் ஹார்னைக் கூப்பிட்டு, 40 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டு, அந்த டீலில் சேர்த்து அனுப்பினார்கள். அவர் நியூஜெர்சிக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. இப்போது அது முடியாது. முந்தின சீசனை அந்த அணியோடு முடித்திருக்க வேண்டும், புது சீசன் தொடங்கும் முன் டீல் நடக்க வேண்டும், ஒப்பந்தம் குறைந்தது 3 வருடம்.

சிவப்புக்கோடு:

சரி, 2023க்குப் பிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன. இனி இது வழக்கொழிந்துவிடும் என்று தோன்றுகிறது. 2024இல் பால் ஜார்ஜ் கிளிப்பர்ஸை விட்டு ஃபிலடெல்ஃபியா போனார், கிளிப்பர்ஸுக்கு ஒன்றுமே தேறவில்லை.

கணக்குப்பிள்ளை:

ஃபிலடெல்ஃபியாவிடம் இடம் இருந்தது, அதனால் யாருடைய தயவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அதே வாரத்தில் கிளே தாம்சனைப் பாருங்கள். டல்லாஸிடம் இடம் இல்லை. கேப்பைத் தாண்டிய அணிக்கும் வெளியாளை எடுக்க லீக் தரும் நடுத்தரச் சலுகையான மிட் லெவல் எக்ஸெப்ஷனில் போனால் முதல் வருடம் சுமார் 1.28 கோடிதான். சைன் அண்ட் டிரேட்டில் சுமார் 1.59 கோடி, 3 வருடத்துக்கு 5 கோடி. ஆறு அணிகள் சேர்ந்த டீல் அது, என்பிஏ வரலாற்றிலேயே முதல் முறை. வாரியர்ஸ் அதிலேயே பட்டி ஹீல்டையும் கைல் ஆண்டர்சனையும் எடுத்தது. ஆகவே இறுகியிருக்கிறது, ஒழியவில்லை.

நெட்டைவேலன்:

எல்லாவற்றையும் நாளைக் காலை கோர்ட்டில் சொல்லப்போகிறேன். ஒரே ஒரு சந்தேகம், அவன் கட்டாயம் கேட்பான். பட்லருக்கு ஃபிலடெல்ஃபியாவில் 5 வருடம் 19 கோடி சாத்தியமாக இருந்தது, மயாமியில் 4 வருடம் 14 கோடிதான். அந்த ஐந்தாவது வருடம் நஷ்டம்தானே?

கணக்குப்பிள்ளை:

2021 ஆகஸ்டில் மயாமி அவருக்கு 18 கோடிக்கு மேல் நீட்டிப்புக் கொடுத்தது. அதே மாதம் புரூக்ளின் டுரான்டுக்கு 19 கோடிக்கு மேல் கொடுத்தது. டுரான்ட் அகில்லெஸ் (குதிகால் தசைநார்) கிழிந்து முதல் சீசன் முழுக்க ஆடாமல் உட்கார்ந்திருந்தவர். ஐந்தாவது வருடத்தை இருவரும் வேறு ஊரில் வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள்.

ஸ்கார்பரோக்காரன்:

தம்பி, லௌரியையும் சொல்லுங்கோ.